சத்தத்துக்கு மேலே போட்ட சத்தம்

வெள்ளவத்தை,
ஜூன் 8

அன்புள்ள மகள் சாம்பவிக்கு,

அம்மா எழுதிக்கொள்ளுறது. நாங்கள் நலம், உன்ரை நலம் அறிய ஆவல் எண்டு எழுதத்தான் பேனையை எடுத்தன். நாங்கள் நலமில்லை. நீ நலமெண்டு பேஸ்புக்கிலை போட்ட படத்திலையே தெரியுது, படகிலை நிண்டு பல்லுத் தெரியச் சிரிக்கிறாய். அதாலை அந்த ரெண்டு வரியும் இந்த முறை மிச்சம்.

இந்தக் காலத்திலை ஏன் அம்மா கடுதாசி எழுதுறா எண்டு யோசிப்பாய். போனிலை நான் ரெண்டாவது வசனத்துக்கு வர, உனக்கு அங்கை லைன் வெட்டுப்பட்டுப் போகுது. முந்தநாளும் அப்பிடித்தான். ஸ்கொட்லாந்துத் தீவிலை சிக்னல் இல்லையாம். ஆனால் தண்ணிக்கு அடியிலை மீன் தும்மினாலும் உங்களுக்குக் கேக்குமாம். கடுதாசியை அப்பிடி வெட்ட ஏலாது. வாசிக்காமல் விட்டாலும் அது உன்ரை மேசையிலை கிடக்கும்.

அப்பா அப்பிடியேதான் இருக்கிறார். பாரிசவாதம் அடிச்ச வலக்கை வலக்கால் இன்னும் எழும்பேல்லை. அவரைப் பாக்க வைச்ச பிறிஜெற் காலமை கொட்டாஞ்சேனையிலை இருந்து பஸ்ஸிலை வந்து, குளிப்பாட்டி, சாரம் மாத்தி, சாப்பாடு தீத்திப் போட்டுப் பின்னேரம் போறாள். மிச்ச நேரம் நான்தான். புதுக்கடைக் கோட்டிலை சட்டத்தரணியா வாயாலை உழைச்ச மனுசன். எழும்பி நிண்டு கதைக்கத் தொடங்கினால் நீதவானே பேனையைக் கீழை வைச்சிட்டுக் கேப்பார் எண்டு சொல்லுறவை. இப்ப அந்த வாயாலை வாறது ஒரு ம்ம்ம், இல்லாட்டி ஒரு ஆஆ. அதுவும் மெல்லமா இல்லை. கன்று போடுற மாடு மாதிரி அடிவயித்திலை இருந்து விடாமல் வருது. பசியோ நோவோ இல்லை, மூளை தன்ரை பாட்டுக்குப் போடுற சத்தம் எண்டு டொக்டர் சொல்லுறார்.

கீழ்வீட்டு ரபீக்காவை உனக்கு நினைவிருக்கும். அவவின்ரை மகள் ஷஸ்னா இந்த வருசம் ஏ.எல். சோதினை எடுக்கிறாள். அந்தப் பிள்ளை படிக்கிற அறைக்கு நேர் மேலைதான் அப்பாவின்ரை கட்டில். முதல்தரம் ரபீக்கா ஏறிவந்து, ஆன்ரி கொற நினைக்காதீங்க, புள்ளைக்குப் படிக்க ஏலாம ஈக்கிது எண்டு சொன்னா. கையிலை வட்டிலாப்பமும் இருந்தது. ரெண்டாந்தரம் வந்தா, வட்டிலாப்பம் வரேல்லை. மூண்டாந்தரம் அவவும் வரேல்லை, இந்தத் தொடர்மாடிக் கமிற்றிக்காரர் வந்தவை. ஐயாவின்ரை நன்மைக்குத்தான் சொல்லுறம், வத்தளைப் பக்கம் நல்ல முதியோர் இல்லம் ஒண்டு இருக்காம், அங்கை விட்டால் அவருக்கும் நல்லது எல்லாருக்கும் நல்லது எண்டு சொல்லிச்சினம். கடற்கரை ரெயில் போகேக்கை யன்னல் கண்ணாடி எல்லாம் நடுங்குது, அதுக்கு ஏன் ஒருத்தரும் பெட்டிசம் எழுதேல்லை எண்டு கேட்டன். ரெயில் உங்கடை வீட்டிலை இல்லைத்தானே அக்கா எண்டுதுகள். அடுத்த மாதக் கூட்டத்திலை முடிவெடுப்பினமாம்.

அவரை நான் அனுப்ப மாட்டன். அனுப்பினால் அவருக்கு வாய் திரும்பாது. ஆஸ்பத்திரியிலை இருந்து பேச்சுப் பயிற்சி குடுக்கிற பிள்ளை ஒண்டு இடைக்கிடை வருது. அது சொன்னது, அறை அமைதியா இருக்க வேணுமாம், பழகின ஆக்கள் நெடுகக் கதைச்சுக்கொண்டிருக்க வேணுமாம், ஒருநாளைக்குச் சொல் வருமாம். அநேகமா முதல் வாறது அவர் வாழ்க்கையிலை கனதரம் சொன்ன சொல்லாத்தான் இருக்குமாம். உங்களை என்னெண்டு கூப்பிடுறவர் எண்டு கேட்டது. எங்கடை ஆக்கள் பெண்சாதியைப் பேர் சொல்லிக் கூப்பிடுறவையே? இஞ்சாரும் எண்டுதான் கூப்பிடுறவர் எண்டு சொன்னன். அந்தப் பிள்ளை பதுளைப் பக்கம், அதுக்குச் சிரிப்பு வந்திட்டுது. சிரிச்சால் சிரிக்கட்டும். இஞ்சாரும் தேத்தண்ணி, இஞ்சாரும் என்ரை கண்ணாடி எங்கை, இஞ்சாரும் ஆரோ கதவு தட்டுகினம். கலியாணம் கட்டின நாளிலை இருந்து இந்த வீட்டிலை அதைவிடக் கூடச் சொல்லப்பட்ட சொல் இல்லை. அதாலை முதல் வரப்போறதும் அதுதான். நான் பக்கத்திலை கதிரையைப் போட்டு இருக்கிறன்.

மகளின்ரை குரலையும் கேக்கப் பண்ணச் சொன்னது. நேரை வந்தால் இன்னும் நல்லதாம். நீ வரவேணும் சாம்பவி. டொக்டர் மறைக்காமல் சொல்லிப்போட்டார், இன்னொரு தரம் அடிச்சால் மனுசன் தாங்காது. வருசம் முடிய முன்னம் வந்து ஒருக்காப் பார். போனமுறை நான் சொன்னதைத் தூக்கிப் பிடிச்சுக்கொண்டு இருக்காதை. நீ இனி அங்கைதான் எண்டு சொன்னாய், போனைக் காதிலை வைச்சபடி அவர் கதிரையோடை சரிஞ்சார். நடந்ததைத்தான் சொன்னன். நடந்ததைச் சொன்னதுக்கு நான் மன்னிப்புக் கேக்க மாட்டன்.

நீ வர ஏலாததுக்குச் சொன்ன காரணத்தைப் பிறிஜெற்றுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு பெரும்பாடு. கடலுக்கு அடியிலை நீரோட்டம் போற இடமாப் பாத்துக் காத்தாடி மாதிரி டர்பைன் நட்டு மின்சாரம் எடுக்கினமாம். அது சுத்தேக்கை தண்ணிக்குள்ளை ஒரு இரைச்சல் போடுமாம். சீல் எண்டுற கடல்நாயிலை கடுவன் இந்த மாதங்களிலை தண்ணிக்குள்ளை போய் உறுமிப் பெட்டையைக் கூப்பிடுமாம். இரைச்சல் அந்த உறுமலுக்கு மேலை படுத்தால் பெட்டைக்கு எவ்வளவு கிட்டவாக் கேக்கும், எவ்வளவு தூரத்திலை கேளாமல் போகும் எண்டு என்ரை மகள் மைக்கைத் தண்ணிக்குள்ளை விட்டு அளக்கிறாள், அதை விட்டிட்டு வர ஏலாதாம் எண்டு சொன்னன். தமிழிலை அதுக்குக் கூப்பிடு தூரம் எண்டு பேர். கண்டறியாத வேலை. பிறிஜெற் சாரத்தை மடிச்சு வைச்சிட்டு, அங்கை நாய்க்குக் கூடப் பெண்சாதி வராட்டி ஆள் வைச்சுப் பாக்கினம் என்ன மேடம் எண்டாள்.

சத்தத்தைப் பற்றிப் படிக்கத்தானே அப்பா காணியை வித்து அனுப்பினவர். இந்தச் சத்தத்துக்கு ஒரு வழி சொல்லு. கூட்டத்துக்கு முன்னம் சொல்லு.

நேரத்துக்குச் சாப்பிடு. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. உனக்குச் சம்பளம் வாறதே அந்தக் காதாலைதான். பிள்ளையார் துணை.

அன்புடன்,
அம்மா

*

வெள்ளவத்தை,
ஜூலை 20

அன்புள்ள சாம்பவிக்கு,

ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சினன். உன்ரை பங்கைப் பிறிஜெற் குடிச்சாள். நீ எப்பிடி இருக்கிறாய் எண்டு கேக்கேல்லை. நல்லாய் இருக்கிறாய் எண்டுதான் எழுதுவாய், எனக்கும் வாசிச்சு அலுத்துப்போச்சு.

சும்மா சொல்லக்கூடாது, உன்ரை படிப்பு ஒருக்கா வீட்டுக்கு உதவியிருக்குது. நீ சொன்ன மாதிரியே போனை அப்பாவின்ரை தலைமாட்டிலை வைச்சு அவரின்ரை சத்தத்தைப் பிடிச்சு அனுப்பினன். நீ அதைக் கொம்பியூட்டரிலை போட்டுப் பாத்து, அப்பாவின்ரை குரல் நிக்கிற உயரத்திலைதான் டர்பைன் இரைச்சலும் நிக்குது, ரெண்டும் ஒரே இடம், அதைப் போட்டால் இது மூடுப்படும் எண்டு எழுதினாய். ஒரே சீரா வாற சத்தத்தைக் காது கொஞ்ச நேரத்திலை கேக்கிறதை விட்டிடும் எண்டும் எழுதினாய். பெத்த தேப்பன்ரை குரலை நாய்க்கு அளக்கிற மாதிரி அளந்து போட்டாள் எண்டு முதல் எனக்குக் கோவம்தான் வந்தது. பிறகு கூட்டம் கிட்டுது எண்டு கோவத்தை மடிச்சு வைச்சிட்டுப் பம்பலப்பிட்டியிலை ஸ்பீக்கர் வாங்கிக்கொண்டு வந்தன்.

ரெண்டு ஓடியோ அனுப்பினாய். ஒண்டு உன்ரை குரல், அப்பாவுக்கு. மற்றது டர்பைன், வீட்டுக்கு. டர்பைன் நல்ல வேலை செய்யுது. தண்ணித் தாங்கிக்குள்ளை தலையை விட்டால் கேக்கிற மாதிரி ஒரு ஊம் எண்டு நிக்குது, அடியிலை ஆரோ உளுந்து ஆட்டுற மாதிரி ஒரு சுழட்டல். முதல்நாள் எனக்குத் தலையிடிச்சது. ரெண்டாம்நாள் மறந்திட்டன். அப்பாவின்ரை சத்தம் அதுக்குள்ளை போன இடம் தெரியேல்லை. பிறிஜெற் தங்கடை மாதா கோயிலிலை பூசை துவங்க முன்னம் ஓகன் வாத்தியத்தை இழுத்துப் பிடிக்கிற மாதிரி இருக்குதெண்டு சொல்லிக்கொண்டு கூட்டுறாள்.

கீழ்வீட்டிலை நாங்கள் ஏசி பூட்டியிட்டம் எண்டு நினைச்சுக்கொண்டு இருந்தவை. அங்கிள் இப்ப எவ்வளவு பரவாயில்ல, நிம்மதியா ஈக்கிறார் போல எண்டு ரபீக்கா லிஃப்ற்றிலை சொன்னா. ஓம் எண்டு சொன்னன். வட்டிலாப்பம் திரும்ப வந்தது, நானும் கூழ் குடுத்துவிட்டன். கூட்டத்திலை எங்கடை கதையே எடுக்கேல்லையாம், வாகனம் விடுற இடத்துச் சண்டையோடை முடிஞ்சுதாம். ஆடிவேல் ஊர்வலம் காலி வீதியாலை மேளதாளத்தோடை போகேக்கைகூட எங்கடை வீட்டுக்குள்ளை உன்ரை கடல்தான் கேட்டது.

பேச்சுப் பயிற்சிப் பிள்ளைக்குத்தான் பிடிக்கேல்லை. வந்த உடனே இதை நிப்பாட்டுங்கோ, இதுக்குள்ளை அவருக்கும் ஒண்டும் கேளாது, அவர் சொல்லுறதும் உங்களுக்குக் கேளாது எண்டு நிண்டது. நிப்பாட்டினால் வத்தளை, விட்டால் வெள்ளவத்தை, உமக்கு எது வசதி எண்டு கேட்டன். அமைதி வேணுமெண்டால் கனத்தை மயானத்திலை போய்ப் பயிற்சி குடும் எண்டும் சொன்னன். அந்தப் பிள்ளை பிறகு வரேல்லை. வராட்டிப் போகட்டும். சின்னப்பிள்ளை, எனக்குப் படிப்பிக்க வெளிக்கிட்டிட்டுது.

என்ரை குரலை அப்பாவுக்குப் போட்டனீங்களோ, என்ன செய்தவர் எண்டு மூண்டுதரம் மெசேஜ் போட்டிட்டாய். போட்டன். ஒண்டும் விளங்கின மாதிரித் தெரியேல்லை. கொஞ்சநேரம் ஸ்பீக்கரைப் பாத்தார், பிறகு சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிப்போட்டார். நீ ஆசைப்பட்டுக் கேட்டபடியாலை சொல்லுறன், மனம் நோகாதை. மழுங்கிப்போன மூளைக்கு மகள் ஆர் மருமகள் ஆர். கூட இருக்கிறவையைத்தான் அது பிடிச்சு வைச்சிருக்கும்.

இப்ப சத்தமும் முந்தின மாதிரி அடிவயித்திலை இருந்து வாறேல்லைப் போலை. வாய்தான் நெடுக அசைஞ்சுகொண்டு இருக்குது. ஐயா செபம் சொல்லுறார் மேடம் எண்டு பிறிஜெற் சொல்லுறாள். விபூதி பூசாமல் பச்சைத்தண்ணி குடியாத மனுசன் அவளுக்காகச் செபம் சொல்லுறாராம். வெத்திலை போட்ட பழக்கம், சும்மா சப்புறார் எண்டு சொன்னன்.

ஒரு குறைதான். உன்ரை ஓடியோ கட்டை. முடிஞ்சு திரும்பத் துவங்கேக்கை நடுவிலை டக்கெண்டு ஒரு சின்ன வெட்டு வருது. அந்த வெட்டுக்குள்ளாலை அப்பாவின்ரை சத்தம் ஒரு துண்டு வெளியிலை விழுகுது. ஷஸ்னாவுக்கு அது கேக்குதாம், மேலை ஆரோ விக்கல் எடுக்கிற மாதிரி இருக்குதெண்டு தாய்க்குச் சொல்லியிருக்கிறாள். வெட்டில்லாமல் நீளமா ஒண்டு அனுப்பு. உங்களிட்டை இல்லாத சத்தமே?

வாறதைப் பற்றி இந்த முறையும் ஒரு வரி எழுதேல்லை. நான் கவனிச்சனான்.

நல்லாயிரு.

அம்மா

*

வெள்ளவத்தை,
ஓகஸ்ட் 17

சாம்பவிக்கு,

நீளமானது வந்தது. நீர் ஏறத் துவங்கிறதிலை இருந்து ஒரு முழு ஓட்டம், நடுவிலை வெட்டே இல்லை எண்டு பெருமையா எழுதியிருந்தாய். வெட்டு இல்லைத்தான். ஆனால் இவ்வளவு படிச்ச பிள்ளை ஒண்டை மறந்திட்டாய். நீரோட்டம் நெடுக ஓடாது. ஏறி முடிஞ்சு இறங்கத் திரும்ப முன்னம் கொஞ்சநேரம் அசையாமல் நிக்கும். நீர் நிண்டால் டர்பைன் நிக்கும். அது உனக்குத் தெரிஞ்ச விசயம், எனக்கில்லை. நான் முழுக்கப் போட்டுப் பாக்காமல் நம்பி விட்டிட்டன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பிறிஜெற் இல்லை. நான் குசினியிலை மீன் வெட்டிக்கொண்டு நிண்டனான். இரைச்சல் மெல்ல மெல்ல இறங்கினது. ஸ்பீக்கர் பழுதாப் போச்சாக்கும், கோதாரி விழுந்த சாமான் எண்டு மீன்கையோடை அறைக்கு ஓடிவந்தன். பாத்தால் ஸ்பீக்கரிலை லைற் எரியுது, ஓடியோ ஓடுது, சத்தம் மட்டும் இல்லை. எத்தினை கிழமைக்குப் பிறகு அந்த அறையிலை ஒரு அமைதி. தூரத்திலை உன்ரை சீல் ஒண்டு உறுமினது ஸ்பீக்கருக்குள்ளாலை கேட்டது. அது ஓய்ஞ்சு போக, கட்டிலிலை இருந்து அப்பா கூப்பிட்டார்.

சாம்பவி எண்டு கூப்பிட்டார்.

முனகல் இல்லை, குழறல் இல்லை. கோட்டிலை சாட்சியைக் கூப்பிடுற குரல், எழுத்தெழுத்தாத் தெளிவா. திரும்பவும் சாம்பவி. நான் கட்டிலடிக்குப் போய் நிண்டு, இஞ்சை பாருங்கோ நான் நிக்கிறன், என்ன வேணும் எண்டு கேட்டன். என்ரை முகத்தை நல்லாப் பாத்தார். ஆளைத் தெரியாத பார்வை இல்லை அது, நான்தான் எண்டு தெரிஞ்ச பார்வை. பாத்திட்டுச் சாம்பவி எண்டார்.

கையைக் கழுவிட்டுத் தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து தலையைத் தூக்கிக் கரண்டியாலை பருக்கினன். குடிச்சார். தேத்தண்ணி எண்டால் இஞ்சாரும் எண்டு வரும், அப்பிடித்தானே வாழ்நாள் முழுக்க வந்தது. நான் கதிரையிலை இருந்து பாத்துக்கொண்டே இருந்தன். வாயைத் துடைச்சுவிட்டன். சாம்பவி எண்டார். வடுவா, பீ மூத்திரம் அள்ளுறது நான், எங்கை எண்டு கேக்கிறது அவளை எண்டு என்ரை வாயிலை வந்திட்டுது. மனுசனைப் பாத்து அப்பிடிச் சொன்னது இதுதான் முதல்தரம். அவர் அதைக் கேட்டு அழுதார். அழுதுகொண்டும் உன்ரை பேரைத்தான் சொன்னார்.

இன்னொண்டையும் சொல்லவேணும், நீ உன்ரை மனதுக்குள்ளை கணக்குப் பிழையாப் போடக்கூடாது. உன்ரை குரலை அவருக்குப் போட்டன், அவர் சுவர்ப்பக்கம் திரும்பினார் எண்டு எழுதினது பொய். நான் அதைத் திறக்கவே இல்லை, இப்பவும் போனிலை அப்பிடியே கிடக்குது. அதாலை உன்ரை குரலைக் கேட்டு வந்த சொல் இல்லை இது. ஒருத்தரும் நினைவுபடுத்தாமல் தானா வந்தது. எந்தச் சொல்லைக் கனதரம் சொன்னாரோ அதுதான் முதல் வருமெண்டு அந்தப் பதுளைப் பிள்ளை சொன்னதும் பிழை. உன்ரை பேரைவிட இஞ்சாரும்தான் ஆயிரம் மடங்கு கூட. எனக்கு அது நல்லாத் தெரியும், சொல்லச் சொல்ல எழும்பினது நான்தானே.

ரபீக்கா மகளையும் கூட்டிக்கொண்டு ஓடிவந்தா. கீழை கேட்டிருக்குது. யா அல்லாஹ், அங்கிள் பேசுறார் ஆன்ரி, மகளுட பேரச் சொல்லுறார் எண்டு என்ரை கையைப் பிடிச்சு அழுதா. அது ஏசி இல்லை எண்டு அப்பதான் அவவுக்கு விளங்கினது. ஸ்பீக்கரைப் பாத்தா, என்னைப் பாத்தா, எங்களாலயா இத வெச்சிருந்தீங்க எண்டு கேட்டா. ஷஸ்னா கண்ணைத் துடைச்சுக்கொண்டு, இனி இதப் போடாதீங்க ஆன்ரி, அங்கிள் எவ்வளவு வேணுமெண்டாலும் பேசட்டும், நான் உம்மாட ரூமில படிக்கிறன் எண்டாள். கமிற்றிக்கும் தாங்களே சொல்லுறம் எண்டு சொல்லிச்சினம். நல்ல சனம். ரெண்டு பேருக்கும் தேத்தண்ணி குடுத்து, நல்லது பிள்ளை எண்டு சொல்லி அனுப்பினன்.

கதவைச் சாத்திப்போட்டு வந்து டர்பைனை முதலிலை இருந்து போட்டன்.

நீ இதை வாசிச்சு என்னைப் பற்றி என்ன நினைப்பாய் எண்டு எனக்குத் தெரியும். நினை. ஆனால் நினைக்க முன்னம் ஒண்டை யோசிச்சுப் பார். பிறிஜெற் செபம் எண்டு சொன்னாளே, அப்பவே அவருக்கு வாய் வந்திட்டுது. நான் சப்புறார் எண்டு நினைச்சது உன்ரை பேரை. எத்தினை நாள், எத்தினை தரம், எனக்குத் தெரியாது. நீ பாத்துப் பாத்து, அவரின்ரை குரலுக்கு அளவா எடுத்து அனுப்பின சத்தத்துக்குக் கீழை கிடந்து உன்னைத்தான் கூப்பிட்டிருக்கிறார். கட்டிலுக்குப் பக்கத்துக் கதிரையிலை இருந்த எனக்குக் கேக்கேல்லை. சீலுக்குக் கூப்பிடு தூரம் எவ்வளவு எண்டு நீ றிப்போட் எழுதேக்கை, இங்கத்தைக் கணக்கையும் ஒரு மூலையிலை எழுதிவிடு. ஒரு கதிரைத் தூரம்கூட இல்லை.

டொக்டர் வெள்ளிக்கிழமை வந்து பாத்தவர். விழுங்கிறது குறைஞ்சு போச்சாம், அது நல்ல அறிகுறி இல்லையாம். மகள் வெளியிலை எண்டால் இப்பவே சொல்லிவிடுங்கோ, மழைக்காலம் வரைக்கும் பாத்துக்கொண்டு இருக்காதையுங்கோ எண்டார். அவர் சொன்னதை நான் சொல்லிப்போட்டன்.

பிறிஜெற் என்னோடை கதைக்கிறதைக் குறைச்சுப்போட்டாள். நேற்றுச் சாரம் மாத்தேக்கை, நான் பாக்கேல்லை எண்டு நினைச்சுக்கொண்டு ஸ்பீக்கரைக் குறைச்சு அவரின்ரை வாயடியிலை காதை வைச்சு நிண்டாள். உவளைப் போல இரக்கம் எனக்கும் வரும், பின்னேரம் பஸ் ஏறி வீட்டை போக இடமிருந்தால். சத்தத்தைக் கூட்டு எண்டு சொன்னன், கூட்டினாள்.

ரெண்டிலை ஒண்டு செய் சாம்பவி. நீ வா. வந்து இந்தக் கதிரையிலை இரு. அவர் கூப்பிடேக்கை ஏனப்பா எண்டு கேள். நான் குசினிக்குள்ளை நிக்கிறன், உன்னோடை ஒண்டும் கதைக்க மாட்டன், பழசு ஒண்டும் எடுக்க மாட்டன். அது ஏலாதெண்டால், நீர் திரும்பாத இடம் ஏதும் அந்தக் கடலிலை இருக்கோ எண்டு பார். இருந்தால் அந்த இடத்துச் சத்தத்தை எடுத்து அனுப்பு. உன்ரை பேரை என்னாலை ஒரு நாளைக்கு இவ்வளவுதரம் கேக்க ஏலாது.

உனக்கு ஒரு குறையும் வராமல் இருக்கட்டும். கதிர்காமக் கந்தன் உன்ரை கண்ணையும் காதையும் காக்கட்டும், காதைக் கட்டாயம் காக்கட்டும்.

ஓடியோவிலை நீர் திரும்பிற நேரமாச்சு. அதுக்கு முன்னம் நான் எழும்பிப் போய் முதலிலை இருந்து போடவேணும்.

அம்மா